மலையிடம் பேரம் பேசியவர்

அன்றைக்கு மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் நான்கு பேர். மேனேஜர், வசூல் பிரிவு தினேஷ், நான், அப்புறம் கணக்குப் பிரிவு அக்கா. வராதவர்கள் ஐந்து பேர். ஒருவருக்கு மச்சினியின் வளைகாப்பு. இரண்டு பேருக்கு ஒரே மாதிரியான காய்ச்சல். இன்னொருவரின் மாமனாருக்கு அந்த வருடத்தில் மூன்றாவது முறையாக நெஞ்சுவலி. ஐந்தாவது ஆள் காரணம்கூடச் சொல்லவில்லை, போனை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். ஆபீசிலேயே புத்தியுள்ள ஆள் அவர்தான் என்று தினேஷ் மலை ஏறும்போது பல தடவை சொன்னான்.

உண்மையில் வராமலிருக்க எல்லாரையும்விட நல்ல காரணம் அக்காவிடம்தான் இருந்தது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். ஆபீஸ் மாடிப்படியையே அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை முகம் சுளித்துத்தான் ஏறுவார். ஆனாலும் வந்தார். மகளுடைய ஸ்போர்ட்ஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். ஒரு பேரம் பாக்கி இருந்தது. அதற்காக வந்தார்.

அவருக்குப் பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீடுகளுக்கும் வயல்களுக்கும் சோலார் தகடு பொருத்திக் கொடுக்கிற எங்கள் செங்கல்பட்டு ஆபீசில் அவர் வெறும் அக்கா. மேனேஜர் மட்டும் மேடம் என்பார்.

பேரம் என்றால் காய்கறிக் கடையில் பேசுகிற பேரம் என்று நினைத்துவிட வேண்டாம். அதை எல்லாரும் செய்கிறார்கள். அக்கா பேரம் பேச முடியாத இடத்தில் பேரம் பேசுவார். சதுரங்கப்பட்டினத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர் அவர். பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ். டிக்கெட்டில் பேச ஒன்றுமில்லை என்பதால் டிரைவரிடம் நிறுத்தத்தைப் பேசினார். "நீ ஸ்டாப்பிங்குல நிறுத்து கண்ணு, யார் வாணான்றது? அதே ஸ்டாப்பிங்கை நாலு கடை தள்ளி நிறுத்து." நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த பஸ் எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதுதான் முறையான நிறுத்தம் என்று பல மாதம் நம்பியிருந்தேன்.

டாக்டர் காபியை நிறுத்தச் சொன்னபோது அரை டம்ளருக்கு முடித்தார். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னதை இருபது நிமிடமாக்கி, அதிலும் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தைச் சேர்த்துக்கொள்ள வைத்தார். பிள்ளையாருக்கு நூற்றெட்டுச் சுற்று வேண்டிக்கொண்டு பாதியோடு வந்துவிடுவார். "மீதி வேலை முடிஞ்சப்புறம். முழுசையும் முன்னாடியே குடுத்துட்டா அவருக்கு நம்ம ஞாபகம் இருக்குமா?"

ஒருநாள் இதைப் பற்றி நான் கேட்டேன். "எப்படிக்கா கூச்சமே இல்லாம கேக்கறீங்க?"

அக்கா கால்குலேட்டரிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார். "மொதல்ல சொல்றது வெலை இல்ல தம்பி. அது வணக்கம் மாதிரி. அவன் வணக்கம் வெச்சான்னா நாமளும் ஒண்ணு வெக்கணும். வெக்காம வந்தா மரியாதை இல்ல."

எனக்கு இது புதிது. எங்கள் வீட்டில் முதலில் சொன்னதுதான் விலை. செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பம். மூட்டைக்கு வியாபாரி என்ன சொல்கிறாரோ அதற்கு அப்பா தலையாட்டுவார். தலையாட்டிவிட்டு மோரும் கொடுத்து அனுப்புவார். எங்கள் வீட்டில் பன்னிரண்டாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். என்னைக் கல்லூரியில் சேர்க்க அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர், நேற்றோடு தேதி முடிந்துவிட்டது என்றார். அப்பா "சரிங்க சார், ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நான் ஒரு வருடம் களை பறித்தேன்.

இதை நான் சிரிப்புக் கதையாகத்தான் அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நேத்துதான முடிஞ்சிது? இன்னிக்கு சாய்ங்காலம் வரைக்கும்னு கேட்டிருக்கணும்" என்றார். மதியம் சாப்பிடும்போது, "மறுநா காலைலயாவது போயி நின்னிருக்கணும்" என்றார். சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் என் மேசைக்குத் திரும்பி வந்து, "அந்த ஆளு இன்னா கலர் சட்டை போட்டிருந்தான்?" என்று கேட்டார். முகமே தெரியாத அந்த ஆளோடு அன்றைக்கு முழுக்க அவர் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்காக, எல்லாம் முடிந்து ஐந்து வருடம் கழித்து.

அப்படிப்பட்டவர் தனக்கென்று ஆபீசில் கேட்டது ஒன்றே ஒன்று. மாமல்லபுரத்தில் கம்பெனி புதிய கிளை திறந்திருந்தது. ரிசார்ட்டுகளுக்குச் சோலார் சுடுநீர்த் தொட்டி போடுகிற வேலை. அங்கே கணக்குக்கு ஆள் வேண்டும். சதுரங்கப்பட்டினத்திலிருந்து அது கடலோரமாக ஒரே பஸ். அக்காவின் மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுவதற்குள் அக்கா பஸ்ஸில் இருப்பார். இவர் திரும்பி வருவதற்குள் அவள் சாப்பிட்டுப் படுத்திருப்பாள். "ஒரே வூட்ல இருந்துகினு வாட்ஸப்புல பேசிக்கினு கீறோம் தம்பி" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். வேறு யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. மாற்றல் கேட்கும்போதுகூட மகளைப் பற்றிப் பேச மாட்டார். பஸ், முட்டி, வெயில் இவற்றைத்தான் சொல்வார். கையிலிருக்கிற நல்ல சீட்டை அவ்வளவு சீக்கிரம் இறக்க மாட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். கெட்டவர் இல்லை. அந்தச் சமயத்தில் அவர் வாழ்க்கை முன்னேற்ற வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் எதைக் கேட்டாலும் அதில் ஒரு பாடம் எடுத்துக் கொடுத்தார். பழைய மின்விசிறியை மாற்றக் கேட்டால், வியர்வையின் அருமையைச் சொன்னார். அக்கா நான்காவது முறையாக மாற்றல் கேட்டபோது, "மேடம், நீங்க வசதியைத் தேடறீங்க. அதுதானுங்க பிரச்சினை. ஞாயித்துக்கிழமை எல்லாரும் மலை ஏறப்போறோம். உச்சிக்கு வாங்க, பேசலாம்" என்றார்.

"பேசலாமா, தரலாமா சார்?"

மேனேஜர் சிரித்தார். முட்டியைப் பார்த்தார். "வந்துட்டீங்கன்னா தரேனுங்க."

"உச்சின்னா எது சார்? மேல வேல் நட்டு வெச்சிருக்காங்களே அதுவா, அதுக்குக் கீழ தட்டையா ஒரு பாறை கீதே அதுவா?"

"வேலுதானுங்க."

"அந்தப் பாறைன்னு வெச்சிக்கலாமே."

"வேலு."

அக்கா இறங்கி வந்தார். ஆனால் எதையும் வாங்காமல் இறங்கி அவருக்குப் பழக்கமில்லை. "அப்ப நீங்களும் வேலாண்ட நின்னு உங்க கண்ணால பாக்கணும். அப்புறம் போட்டோ காட்டு, சாட்சி காட்டுன்னு பேஜாரு பண்ணக்கூடாது. நீங்க அங்க நிக்கலைன்னா நான் ஏறினதா கணக்கு இல்ல. சரியா?"

"நானுங்களா? வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கின ஆளுங்க நான்" என்றார் மேனேஜர். முடிந்தது பேரம். தனக்குச் சாதகமாக அக்கா சேர்த்த அந்த ஒரு வரிதான் பின்னால் அவர் கழுத்தில் வந்து விழுந்தது.

திருக்கழுக்குன்றம் போகிற வழியில் உள்ளே ஒதுங்கியிருக்கிற மலை அது. படிக்கட்டு கிடையாது. ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் ஜனங்கள் ஏறுவார்கள். அவர்களுக்காகப் பாறைகளில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டிருக்கும். உள்ளே போகிற மண் பாதையில் கார் அடி தட்டும் என்பதால் மேனேஜரின் காரை மெயின்ரோட்டில் நிறுத்திவிட்டு, ஏரிக்கரை வழியாக நெடுந்தூரம் நடந்துதான் அடிவாரத்துக்கே வந்தோம். மாசி மாதம். விடிந்த கொஞ்ச நேரத்திலேயே வெயில் வேலையை ஆரம்பித்திருந்தது.

மேனேஜர் கையில் தண்ணீர் பாட்டிலோடு துள்ளி ஏறினார். "முதல் பாடம், கீழே பார்க்கக் கூடாது. ரெண்டாவது பாடம், மூச்சு நம்ம கட்டுப்பாட்டுல இருக்கோணும்." நான் அவர் பின்னாலேயே போய் எல்லாவற்றையும் மனசில் வாங்கிக்கொண்டேன். கேலிக்காகச் சொல்லவில்லை. எனக்கு அப்போது பாடம் என்று யார் சொன்னாலும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

அக்கா அடிவாரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். மலையோடு பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தாப்பா. அந்த வேப்பமரம் வரைக்கும் வரேன். அங்க எனக்கு அஞ்சு நிமிஷம் நிழல் குடு. அதுக்கு மேல இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வேப்பமரத்துக்கு வந்ததும் அடுத்த பேச்சு. "இன்னா இப்படி சரிவா வெச்சிருக்க? சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், அந்தக் கள்ளிப் புதர் வரைக்கும்." கள்ளிப் புதருக்கு வந்தபோது கிழக்கிலிருந்து ஜில்லென்று ஒரு காற்று அடித்தது. "பாத்தியா, கேட்டா குடுக்குது" என்று என்னிடம் சொன்னார். அவர் பையை நான் வாங்கிக்கொண்டேன். உள்ளே எலுமிச்சை சாதமும் ஒரு சீப்பு வாழைப்பழமும், கமலாப் பழங்களும், பெரிய பாட்டில்களில் தண்ணீரும் இருந்தன. அவர் உச்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மரம், அடுத்த பாறை, அவ்வளவுதான். அப்படியே முக்கால் மலையை வாங்கிவிட்டார்.

அந்த இடத்தில் ஒரு பாறையின் நிழலில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்து, முகம் வெளுத்து, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு. பாட்டில் காலியாகப் பக்கத்தில் கிடந்தது. தினேஷ் ஒரு செடியைப் பிடுங்கி அவருக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

"தசை பிடிச்சுக்கிச்சுங்க. என்னால ஆகாது. நீங்க போயிட்டு வாங்க. எந்த இடத்துல நிறுத்தறதுன்னு தெரியறதும் ஒரு பாடம்தானுங்க."

"மச்சான், பாடம் எத்தினியாவது?" என்று தினேஷ் என் காதில் கேட்டான்.

அக்கா மெதுவாகக் கேட்டார். "அப்ப என் ட்ரான்ஸ்பரு?"

மேனேஜர் மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் தெளிவாகச் சொன்னார். "நான் அங்க நிக்கலைன்னா கணக்கு இல்லைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். மேலே வேல் தெரிந்தது. இந்த முட்டியோடு போய்த் தொட்டுவிடுகிற தூரம்தான். தொட்டும் பிரயோசனமில்லை. பிறகு மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீரைக் கொடுத்தார். அவர் காலை நீட்டச் சொல்லிப் பாதத்தைப் பிடித்து மடக்கி நீவிவிட்டார். முகத்துக்கு ரத்தம் திரும்பும்வரை காத்திருந்தார். அப்புறம் கமலாப் பழம் ஒன்றை எடுத்து உரித்தார். அந்த வாசனையில் மேனேஜர் திரும்பினார்.

"அந்தப் பாறை வரைக்கும் வந்தா ஒரு சுளை."

"என்ன மேடம், குழந்தைங்களா நானு?"

"அப்ப ஒண்ணரை சுளை."

"ஆகாதுங்க மேடம்."

"பாதிப் பாறை. அங்கருந்து பாதி. நடுவுல குந்திக்கலாம்."

மேனேஜர் அந்தப் பாறையைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். "ரெண்டு சுளைங்க" என்றார்.

அந்த நிமிடம் அவர் மாட்டிக்கொண்டார். விலை சொல்லிவிட்டார் அல்லவா, இனி அவர் வியாபாரி. ஒவ்வொரு பாறையிலும் சண்டை நடந்தது. நிழலுள்ள பாறைக்கு ஒரு ரேட், வெயிலில் காயும் பாறைக்கு ஒரு ரேட். ஒரு இடத்தில் விதை இருக்கிற சுளையை அவர் திருப்பிக் கொடுத்தார். அக்கா மாற்றித் தர மறுத்தார். தினேஷ் நடுவராகி ஒரு வாழைப்பழத்தில் முடித்து வைத்தான். இரண்டு முட்டி தேய்ந்தவரும் ஒரு கெண்டைக்கால் பிடித்தவரும் தோளைப் பிடித்துக்கொண்டு, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே ஏறினார்கள். எனக்கு மூன்று தடவை பயம் வந்தது, விழுந்துவிடுவார்களோ என்று. அவர்களுக்கு அதற்கு நேரமில்லை.

உச்சியில் சின்ன சிமெண்டு மேடை. நடுவில் வேல், அதன் கழுத்தில் காய்ந்த எலுமிச்சை மாலை. காற்று ஆளைத் தள்ளியது. மேனேஜர் வேலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கிவிட்டது. "பாத்துட்டேனுங்க மேடம். என் கண்ணால பாத்துட்டேன்" என்றார். அக்கா கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிகளும் சவுக்குத் தோப்புகளும் தாண்டி, கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. கல்பாக்கத்து உயரமான புகைபோக்கி, குத்தி வைத்த ஊதுவத்தி மாதிரி இருந்தது.

"அதோ அதுக்குக் கீழதான் எங்க வூடு" என்று எனக்குக் காட்டினார். "இந்நேரம்தான் எழுந்துகினு இருப்பா. ஞாயித்துக்கெழமை கூட நான் இல்ல பாரு."

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், ஒண்ணு சொல்றேன். நீங்க ஒரு லீடருங்க. என்னையே மேல கொண்டுவந்துட்டீங்க. இப்படி ஒரு ஆளை நான் மாமல்லபுரத்துக்கு விட்டுட்டா நான் முட்டாளுங்க. செங்கல்பட்டுலயே இருங்க. சம்பளம் ஏத்தித் தரச் சொல்லி நானே பேசறேன்."

அவர் மனசார, பாராட்டாகத்தான் சொன்னார். அதனால்தான் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றியது. கோபத்தில் சொன்னதையாவது மாற்றலாம்.

அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேலின் அடியில் காலை நீட்டி உட்கார்ந்தார். பையை வாங்கி எலுமிச்சை சாதத்தைத் திறந்தார். ஒரு வாய் சாப்பிட்டார்.

"சரி சார். நீங்க போங்க" என்றார்.

"நீங்க வரலீங்களா?"

"ஏத்தினதுக்குத்தான் சார் பேசினோம். எறக்கறதுக்குத் தனி ரேட்டு."

மேனேஜர் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மேடையின் ஓரத்துக்குப் போய்க் கீழே பார்த்தார். ஏறும்போது முகத்துக்கு முன்னாலிருந்த சரிவு இப்போது காலுக்குக் கீழே இருந்தது. சிரிப்பு நின்றது. தினேஷைப் பார்த்தார். தினேஷ் உடனே தன் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் இப்பதான் சார் வலி ஆரம்பிச்சிகீது" என்றான்.

பிறகு என்னைப் பார்த்தார்.

நான் பயிற்சியில் இருந்தவன். என் வேலை நிரந்தரமாவது அவர் கையில்தான் இருந்தது. "வாங்க சார், பிடிச்சுக்கங்க" என்பது நாக்கு நுனியில் வந்துவிட்டது. சரிங்க சார், நன்றிங்க என்று கும்பிடுகிற ரத்தம்தானே எனக்கும். ஆனால் கால் நகரவில்லை. நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, எனக்கும் கொஞ்சம் சாதம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய முதல் பேரம் அது.

அக்கா டிபன் மூடியில் எனக்குச் சாதம் வைத்தார். வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக.

மேனேஜர் வேலைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பிறகு போனை எடுத்தார். ஊருக்குள் கிடைக்காத சிக்னல் அந்த உச்சியில் முழுசாகக் கிடைத்தது. தலைமை ஆபீசுக்கு மெயில் அடித்தார்.

"படிங்க சார்."

படித்தார். "மாற்றலைப் பரிசீலிக்கலாம்" என்று இருந்தது.

"பரிசீலனையெல்லாம் வாணாம். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிலருந்துன்னு போடுங்க."

"பதினஞ்சாந்தேதின்னு வெச்சுக்கலாங்களா? புது ஆளுக்கு வேலை சொல்லித் தரோணுமே."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் ஒரு மரியாதை இருந்தது, ஆள் தேறிவிட்டார் என்பது போல. "பத்து" என்றார். பத்தாம் தேதிக்கு முடிந்தது. மெயில் போகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அப்புறம்தான் மேனேஜருக்கும் சாதம் கிடைத்தது. நாங்கள் சாப்பிடும்போது அக்கா அந்தப் பக்கம் போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தார். மகளுக்கு என்று நினைத்தேன்.

இதில் கற்றுக்கொண்ட பாடத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. மறுநாள் திங்கட்கிழமை, மலையிலிருந்து கற்ற மூன்று பாடங்களை எல்லாரும் எழுதித் தர வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். நான் மூன்று பக்கம் எழுதினேன். ஆனால் அந்த டிபன் மூடிச் சாதத்தைப் பற்றி எழுதத் தெரியவில்லை. அக்கா மூன்றை ஒன்றாகக் குறைத்து வாங்கிக்கொண்டு, "தண்ணீர் இரண்டு பாட்டில் கூடுதலாக எடுத்துப் போக வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தார். மேனேஜர் அதைத்தான் சுவரில் ஒட்டினார். பத்தாம் தேதி அக்கா மாமல்லபுரம் போய்விட்டார். பஸ் மட்டும் ரொம்ப நாள் எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. இன்றைக்கும் யாராவது ஜன்னலுக்குள்ளிருந்து முடியாது என்று சொன்னால், நான் மனசுக்குள் ஒரு வணக்கம் வைத்துவிட்டு அங்கேயே நிற்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் சொல்ல இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ஒருவழியாக இறங்கி அடிவாரத்துக்கு வந்தபோது மேனேஜரால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. கார் நிற்கிற மெயின்ரோடோ ஏரிக்கு அந்தப் பக்கம். என்ன செய்வது என்று நின்றபோது, வேறு எந்த வண்டியும் வராத அந்த மண் பாதையில் ஒரு குட்டியானை லோடு வண்டி ஆடி ஆடி வந்து எங்கள் முன்னால் நின்றது. மேலே நான்கைந்து காலி மீன் பெட்டிகள்.

"அண்ணாத்த, மெயின்ரோடு வரைக்கும் வுட்றியா?" என்றான் தினேஷ்.

ஓட்டுகிற பையன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "எழுநூறு ரூபா ஆவும்."

தினேஷுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேனேஜர் மட்டும் புன்னகையோடு, வேடிக்கை பார்க்கத் தயாராகி, அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்கா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், எழுநூறுங்கறாங்க."

"வெயிலா கீது சார். கால் வேற உங்களுக்கு அப்படி கீது. பேசிக்கினு நிக்காதீங்க, குடுத்துடுங்க."

மேனேஜர் திகைத்துப் போய்ப் பர்ஸைத் திறந்தார். மீன் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து மெயின்ரோடு வந்தோம். அவரைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினோம். ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். அக்கா வண்டியை விட்டு இறங்கவில்லை.

"நான் இப்படியே வூட்டுக்குப் போயிக்கறேன் தம்பி. இது அந்தப் பக்கம்தான் போவுது."

ஓட்டுகிற பையன் முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டான். "முன்னாடி வந்து குந்து பெரிம்மா. நீ போன் பண்ணதும் லோடை எறக்கிட்டு ஓடியாறேன், நாஸ்தா கூட துண்ணல."

தினேஷ் வாயைப் பிளந்தான். அக்கா எங்கள் இருவரையும் பார்த்து, மூடிய காரையும் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார். வண்டி கிழக்கே திரும்பியது. எப்படியும் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவர் மகளோடு வீட்டில் இருக்கப் போகிறார்.

நாங்கள் நான்கு பேர் மலையேறி, இறங்கி, வாழ்க்கையில் முன்னேறி வந்ததற்கு அன்றைக்கு ஆன மொத்தச் செலவு எழுநூறு ரூபாய். அக்கா அதில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.